பேடண்டும் பால் பாயசமும்

சென்ற வெள்ளிக்கிழமை அந்தி நேரம். வாசல் மாடத்தில் விளக்கை வைத்துவிட்டுத் திரும்பினேன். மாடி வீட்டு அம்மாள் ஒரு பெரிய கிண்ணத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். கிண்ணத்தில் பால் பாயசம். அதன் மேலே முந்திரிப் பருப்பு தாராளமாக மிதந்தது. அம்மாளின் முகத்தில் அதைவிடத் தாராளமாகச் சிரிப்பு மிதந்தது. பெண்ணுக்கு வரன் குதிர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

"அதெல்லாம் இல்லே, அக்கா! குழந்தைக்குப் பேடண்டு கிடைச்சிருக்கு!" என்றாள்.

குழந்தை என்றால் தொட்டிலில் கிடக்கும் குழந்தை அல்ல. இஞ்சினீயரிங் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் பெண். அவளும் சிநேகிதிகள் மூன்று பேரும் சேர்ந்து, அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிவதற்கு முன்பே எச்சரிக்கும் கருவி ஒன்றைச் செய்திருக்கிறார்களாம். இரண்டு ஆசிரியர்களின் பெயரையும் சேர்த்துக்கொண்டு, கல்லூரியே பேடண்டுக்கு எழுதிப் போட்டதாம்.

"விசில் ஊதும் பால் குக்கர் என் கல்யாணத்துக்கே சீராக வந்ததே!" என்று சொல்ல வாயெடுத்தேன். பாயசம் வாயை அடைத்துவிட்டது. நல்ல வேளை!

"அவங்க காலேஜிலே மட்டும் இந்த வருஷம் நூறு பேடண்டாம், அக்கா. விழாவிலே பேசினவர் சொன்னார், இதிலே நம்ம தமிழ்நாடு இந்தியாவுக்கே முதலா வந்திருக்குன்னு. அப்படீன்னா நம்ம ஊர் ரொம்ப முன்னுக்கு வந்துட்டதுன்னுதானே அர்த்தம்?"

எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒருவர் வீட்டுப் பாயசத்தைச் சாப்பிட்டுவிட்டு அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது தர்மம் அல்ல. ஆகையால் இந்த வாரம் முழுவதும் அந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டு படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் கல்லூரியில் படிக்கிற பிள்ளையோ பெண்ணோ இருக்கலாம். நாளைக்கு உங்கள் வீட்டுக்கும் இதே மாதிரிப் பாயசம் வரலாம்.

* * *

பேடண்டு என்பதைத் தமிழில் காப்புரிமை என்கிறார்கள். விஷயம் ரொம்பச் சுலபமானது. உங்கள் தெருவில் ஒரு மாமி பிரமாதமாக மைசூர்ப்பாகு செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்குவத்தை யாருக்கும் சொல்ல மாட்டாள். சொன்னால் நாளைக்கே நாலு பேர் கடை போட்டுவிடுவார்கள் என்று பயம். சர்க்கார் அவளிடம் வந்து, "அம்மா! உன் பக்குவத்தை அளவு தப்பாமல் எழுதிக் கொடு. இருபது வருஷத்துக்கு உன் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அந்த முறையில் செய்து விற்கக் கூடாது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு அது ஊருக்குப் பொது" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அந்த ஒப்பந்தத்துக்குத்தான் பேடண்டு என்று பெயர். மைசூர்ப்பாகுக்கு நிஜமாகவே கொடுப்பார்களா என்று கேட்காதீர்கள். காரியம் புதிதாக இருக்க வேண்டும். அந்தத் தொழில் தெரிந்தவனுக்குத் தானாகவே தோன்றிவிடக் கூடியதாக இருக்கக் கூடாது. செய்து உபயோகிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். இந்த மூன்று பரீட்சையிலும் தேற வேண்டும்.

நம் தேசத்தில் இந்த வழக்கம் 1856-ல் ஆரம்பமாயிற்று. அந்த வருஷம் மார்ச்சு மாதம் 3-ம் தேதி கல்கத்தாவில் ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்ற இஞ்சினீயர் முதல் மனுவைப் போட்டார். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பங்கா இழுக்கும் யந்திரத்துக்கு! வெள்ளைக்கார துரைமார்களின் தலைக்கு மேலே துணி விசிறி தொங்கும். வெளித் தாழ்வாரத்தில் ஓர் ஏழை உட்கார்ந்து அதன் கயிற்றை விடிய விடிய இழுத்துக்கொண்டே இருப்பான். அவனுக்குப் பதிலாக ஒரு யந்திரத்தை வைக்கலாம் என்பது டிபென்னிங்கின் யோசனை.

ஆனால் மனுப் போட்ட மறுநாளே கல்கத்தா குளிர்ந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் ஏழைகள் கயிற்றை இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். கடைசியில் மின்சார விசிறி வந்துதான் அவர்கள் கையிலிருந்து கயிற்றை வாங்கியது. மனுப் போடுவது ஒன்று. காற்று வீசுவது வேறொன்று. இன்றைக்கு நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றித்தான்.

* * *

மாடி வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "எங்கே, அந்தப் பத்திரத்தைக் காட்டு" என்றேன். கைபேசியிலே காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அதில் மனுவின் எண் இருந்தது, தேதி இருந்தது, 'பிரசுரிக்கப்பட்டது' என்று இருந்தது. 'வழங்கப்பட்டது' என்ற வார்த்தை மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

இங்கேதான் அநேகம் பேர் ஏமாந்து போகிறார்கள். பேடண்டுக்கும் கல்யாணம் மாதிரியே பல கட்டங்கள் உண்டு. முதலில் மனுப் போடுவது. அது ஜாதகம் கொடுப்பது போல. பதினெட்டு மாதம் ஆனதும் அதைச் சர்க்கார் சஞ்சிகையில் பிரசுரிப்பார்கள். தனியாகப் பணம் கட்டிக் கேட்டுக்கொண்டால் சீக்கிரமே பிரசுரித்துவிடுவார்கள். இது ஊரெல்லாம் ஜாதகம் சுற்றுவது போல. பிறகு, "இதைப் பரிசீலனை செய்யுங்கள்" என்று தனியே ஒரு விண்ணப்பம் போட வேண்டும். மனுப் போட்ட 31 மாதத்துக்குள் இதைச் செய்யாவிட்டால், மனுவையே வாபஸ் வாங்கிக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். பரிசீலனை செய்கிற அதிகாரி, "இது அங்கே இருக்கிறதே, அது இங்கே இருக்கிறதே" என்று ஆட்சேபங்களை எழுதி அனுப்புவார். அதற்கு ஆறு மாதத்துக்குள் பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் கைவிட்டதாகத் தள்ளிவிடுவார்கள். பதில் திருப்தியாக இருந்தால்தான் பேடண்டு. அதுதான் தாலி கட்டுவது.

ஜாதகம் கொடுத்ததையே கல்யாணம் என்று சொல்லிக் கொட்டு மேளம் கொட்டலாமா? கொட்டுகிறார்கள்! பெண்ணின் கையில் கல்லூரி கொடுத்த பளபளப்பான காகிதத்தில் 'பேடண்டு சாதனையாளர்' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. இந்தக் காரியத்துக்காக நாலு பெண்களும் ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார்களாம். கல்வி நிலையங்கள் மனுப் போடச் சர்க்காருக்குக் கட்ட வேண்டிய கட்டணம் 1,600 ரூபாய்தான். மனுவை எழுதிக் கொடுத்தவருக்குக் கூலி உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் கணக்குக் கேட்பதில் ஒன்றும் தப்பில்லையே?

* * *

இனி, "தமிழ்நாடு முதல்" என்ற சமாசாரத்துக்கு வருவோம். அது பொய் அல்ல. 2022-23-ம் வருஷத்தில் உள்நாட்டிலிருந்து போட்ட பேடண்டு மனுக்களில் தமிழ்நாட்டின் கணக்கு 7,600-க்கு மேல். அடுத்து வந்த மகாராஷ்டிரத்தின் கணக்கு 5,600 அளவில். உத்தரப் பிரதேசம் சுமார் 5,500.

இந்த எண்களை அப்படியே ஒப்பிடுவதும் சரியல்ல. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் இருபது கிலோ அரிசி ஆகிறது, பத்துப் பேர் உள்ள வீட்டில் முப்பது கிலோ ஆகிறது என்றால், எந்த வீட்டார் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்று தலைக்கு வகுத்துப் பார்த்துத்தானே சொல்ல வேண்டும்? 2011 ஜனத்தொகைக் கணக்கை வைத்து வகுத்துப் பார்த்தேன். தமிழ்நாட்டில் லட்சம் பேருக்குப் பத்துக்கு மேல் வருகிறது. மகாராஷ்டிரத்தில் ஐந்து. உத்தரப் பிரதேசத்தில் மூன்றுகூட இல்லை. ஆக, வகுத்துப் பார்த்தால் நம் பெருமை இன்னும் கூடத்தான் செய்கிறது.

சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கணக்கு எப்படி உண்டாகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று: இது மனுக்களின் கணக்கு. பேடண்டுகளின் கணக்கு அல்ல.

இரண்டு: மனுவில் என்ன விலாசம் எழுதியிருக்கிறதோ, அந்த மாநிலத்தின் பெயரில் கணக்கு ஏறுகிறது. சென்னையில் உட்கார்ந்து ஒருவர் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்ததை, பம்பாயில் தலைமை அலுவலகம் உள்ள கம்பெனி அந்த விலாசத்திலே போட்டால், புண்ணியம் மகாராஷ்டிரத்துக்குப் போய்விடும்.

மூன்று: யார் மனுப் போடுகிறார்கள்? 2021-ல் கல்வி நிலையங்களுக்குப் பேடண்டுக் கட்டணத்தை நூற்றுக்கு எண்பது பங்கு குறைத்தார்கள். 8,000 ரூபாய் கட்ட வேண்டிய இடத்தில் 1,600 கட்டினால் போதும் என்றாயிற்று. நல்ல எண்ணத்தோடு செய்த காரியம். ஆனால் கல்லூரிகளைத் தரம் பிரித்து வரிசைப்படுத்தும்போது பேடண்டுக்கும் மார்க்கு உண்டு. கட்டணம் குறைவு, மார்க்கு நிச்சயம் என்றால் கேட்க வேண்டுமா? தமிழ்நாட்டில் இஞ்சினீயரிங் கல்லூரிகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பரீட்சைக்கு மார்க்கு வாங்குவதற்காகவே படிக்கிற பிள்ளையைப் போல, மார்க்கு வாங்குவதற்காகவே பிறக்கிற மனுக்களும் உண்டு. எல்லாம் அப்படி என்று சொல்லவில்லை. எது எப்படி என்று அந்த எண் நமக்குச் சொல்லாது என்றுதான் சொல்கிறேன்.

"அப்படியானால் மனுக்களை விட்டுவிட்டு, வழங்கிய பேடண்டுகளை மட்டும் எண்ணினால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2022-23-ல் தேசம் முழுவதிலும் வழங்கிய பேடண்டுகள் 34,134. அடுத்த வருஷமே அது 1,03,057 ஆகிவிட்டது. மூன்று மடங்கு! அந்த வருஷம் புதிதாக வந்த மனுக்களே 92,168-தான். வந்ததைவிடக் கொடுத்தது அதிகம். ஒரே வருஷத்தில் பாரத மக்களுக்கு மூன்று மடங்கு மூளை வளர்ந்துவிட்டதா? இல்லை. பல வருஷமாகத் தேங்கிக் கிடந்த கட்டுகளை அதிகாரிகள் மளமளவென்று பைசல் செய்தார்கள். அது பாராட்ட வேண்டிய காரியந்தான். ஆனால் அந்த ஏற்றம் காரியாலயத்தின் சுறுசுறுப்பைக் காட்டுகிறது. கண்டுபிடிப்பவர்களின் சாமர்த்தியத்தை அல்ல.

இன்னொன்றும் கேளுங்கள். நிதி ஆயோக் என்ற மத்திய சர்க்கார் அமைப்பு, மாநிலங்களின் புதுமைத் திறனை அளந்து பட்டியல் வெளியிட்டது. அதில் பேடண்டோடுகூடப் படிப்பு, ஆராய்ச்சிச் செலவு, முதலீடு என்று பல விஷயங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். 2019, 2020, 2021 என்று மூன்று பட்டியல்களிலும் பெரிய மாநிலங்களில் கர்நாடகத்துக்குத்தான் முதல் இடம். 2021 பட்டியலில் முதல் மூன்று இடத்துக்குள் தமிழ்நாடு வரவில்லை. அதற்கு அடுத்தாற்போல் வந்த பேடண்டுக் கணக்கிலோ நமக்கு முதல் இடம். அளவுகோல் மாறினால் உயரமும் மாறுகிறது. குழந்தையின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டு அளக்கலாம். ஒரு மாநிலத்தின் புத்தியை அளக்கக் கோடு போடச் சுவர் ஏது?

* * *

சரி, மாடி வீட்டு அம்மாள் கேட்ட முக்கியமான கேள்விக்கு வருகிறேன். பேடண்டு பெருகினால் மாநிலம் முன்னுக்கு வந்துவிடுமா?

ஜேக்கப் ஷ்மூக்லர் என்று அமெரிக்காவில் ஒரு பொருளாதார அறிஞர் இருந்தார். பொறுமைசாலி. பேடண்டுகளைத் தொழில்வாரியாகப் பிரித்து வருஷவாரியாக எண்ணிப் பார்த்து, 1966-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பேடண்டு முதலில் வரும், வியாபாரம் பின்னால் வரும் என்றுதானே நாம் நினைப்போம்? ரயில் தொழிலில் அவர் கண்டது தலைகீழ். ரயில் சாமான்களின் விற்பனை முதலில் ஏறியது. ரயில் பேடண்டுகள் அதற்குப் பின்னால்தான் ஏறின. விற்பனை இறங்கினால் இவையும் பின்னாலேயே இறங்கின. வீட்டில் விருந்தாளி வருகிறார் என்றால்தானே நமக்கும் புதுப் பலகாரம் செய்யத் தோன்றுகிறது? ஆள் இல்லாத வீட்டில் அடுப்புக்கு ஏது யோசனை?

ஆகவே, பேடண்டினால் வளமா, வளத்தினால் பேடண்டா என்பது மாமியார் மருமகள் வழக்கு மாதிரி. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு.

நம் ஊரையே பாருங்கள். 2024-25-ல் தமிழ்நாட்டின் பொருளாதாரம் விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும் 11.19 சதவீதம் வளர்ந்தது என்று 2025-ல் வெளியான மத்திய புள்ளிவிவரம் சொல்கிறது. மின்னணுச் சாமான்களின் ஏற்றுமதியில் இந்தியாவிலேயே நாம்தான் முதல். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் விடியற்காலையில் போனால், பஸ் பஸ்ஸாகப் பெண்கள் தொழிற்சாலைக்குப் போவதைப் பார்க்கலாம். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நாலு பேர் தமிழ்நாட்டுப் பெண்கள்! உலகத்தின் விலை உயர்ந்த கைபேசிகளை அவர்கள்தான் பூட்டி முடுக்கிப் பெட்டியில் வைக்கிறார்கள். எனக்கு நினைத்தாலே பெருமையாக இருக்கிறது.

ஆனால் அந்தக் கைபேசிக்குள் இருக்கிற ஆயிரக்கணக்கான பேடண்டுகளில் பெரும்பாலானவை கலிபோர்னியாவிலும் மற்ற வெளிநாடுகளிலும் உள்ள கம்பெனிகளுக்குச் சொந்தம். விற்கிற விலையில் பெரிய பங்கு அங்கே போகிறது. கூலி இங்கே நிற்கிறது. ஆகக்கூடி, ஒரு பக்கம் நம் சொந்தப் பேடண்டு இல்லாமலே வளர்ச்சி. இன்னொரு பக்கம் வளர்ச்சிக்கு உதவாமலே அலமாரியில் தூங்குகிற பேடண்டு மனுக்கள். இந்த இரண்டும் என்றைக்குச் சந்திக்கின்றனவோ, தொழிற்சாலைக்குப் போகிற பெண்ணின் தங்கை கண்டுபிடித்த சாமான் அதே தொழிற்சாலையில் என்றைக்குத் தயாராகிறதோ, அன்றைக்குத்தான் மாடி வீட்டு அம்மாளின் கேள்விக்கு "ஆமாம்" என்று முழு மனசோடு பதில் சொல்ல முடியும்.

* * *

கணக்கில் சரியாக ஏறாத புதுமைகளையும் மறந்துவிடக் கூடாது. உங்கள் சமையலறையிலேயே ஒன்று இருக்கிறது. அதுதான் மாவு அரைக்கிற கிரைண்டர். ஆட்டுக்கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறு கையால் மாவைத் தள்ளித் தள்ளித் தோள்பட்டை இற்றுப் போன நம் பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள், மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு எது என்று. ஆகாய விமானம் என்று சொல்ல மாட்டார்கள்!

அந்தக் கல்லுக்கு மோட்டார் பூட்டிய பெருமையை, 1955-ல் கோயமுத்தூரில் கிரைண்டர் செய்த சபாபதிக்குக் கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பட்டறைகள் அதைச் சாய்த்து மாவை வழிக்கிற மாதிரி செய்தன. மேஜைமேல் வைக்கிற அளவுக்குச் சுருக்கின. 'கோயமுத்தூர் வெட் கிரைண்டர்' என்று ஊரின் பெயராலேயே புவிசார் குறியீடும் கிடைத்தது. அது ஊருக்கே பொதுவான உரிமை. பேடண்டுக் கணக்கில் அது வராது. நம் பெண்களுக்கு அந்தக் கல் மீத்துக் கொடுத்த மணி நேரங்களை எந்தப் பட்டியலில் எழுதுவது?

அதே கோயமுத்தூரைச் சேர்ந்தவர்தான் அருணாசலம் முருகானந்தம். 1998-ல், கல்யாணமான புதிதில், மனைவி மாத விலக்குக்குப் பழந்துணியை ஒளித்து வைத்து உபயோகிப்பதைப் பார்த்தார். கடையில் விற்பது யானை விலை. கேலியையும் அவமானத்தையும் சகித்துக்கொண்டு, குறைந்த விலையில் அந்தப் பஞ்சு அணையாடையைச் செய்யும் சின்ன யந்திரத்தை உண்டாக்கினார். அதைப் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கே கொடுத்தார். 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பட்டியலில் ஏற்றினால் அந்த யந்திரமும் ஒன்றுதான். யாரும் தொட்டுப் பார்க்காத மனுவும் ஒன்றுதான். ஸ்வி கிரிலிகெஸ் என்ற பொருளாதார அறிஞரும் 1990-ல் இதையேதான் எடுத்துச் சொன்னார்: எல்லாக் கண்டுபிடிப்பும் பேடண்டு ஆவதில்லை, ஆனவையெல்லாம் ஒரே தரமும் இல்லை. நகைப் பெட்டியில் எத்தனை உருப்படி என்று எண்ணினால் போதுமா? எத்தனை சவரன் என்று நிறுத்துப் பார்க்க வேண்டாமா?

பேடண்டு கிடைத்துவிட்டது என்பதாலேயே விஷயம் புதிது என்றும் ஆகிவிடாது. காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டினால் ஆறும் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? 1995-ல் அமெரிக்காவில் அதற்கே பேடண்டு கொடுத்துவிட்டார்கள்! நம் தேசத்து விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய சுவடிகளையும், 1953-ல் நம் மருத்துவப் பத்திரிகையில் வந்த கட்டுரையையும் ஆதாரமாகக் காட்டி வழக்காடியது. 1997-ல் அந்தப் பேடண்டு ரத்தாயிற்று. அந்த இரண்டு வருஷமும் அது யாரோ ஒருவருடைய கணக்கில் 'ஒரு புதுமை' என்று இருந்தது அல்லவா?

* * *

இத்தனையும் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நான் மாடிக்குப் போனேன். கையில் காலிக் கிண்ணத்தைக் கொண்டுபோகக் கூடாது என்று கொஞ்சம் தேங்குழலும் போட்டுக்கொண்டேன். கசப்பான விஷயத்தைச் சொல்லப் போகும்போது கையில் ஏதாவது இருப்பது நல்லது.

"இன்னும் பேடண்டு கிடைக்கலையா?" என்று அம்மாளின் முகம் வாடிவிட்டது. பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குத் தெரியும், அக்கா. ஆனா அம்மா ஊரெல்லாம் சொல்லிட்டாங்க" என்றாள் மெதுவாக.

"பரிசீலனைக்கு எழுதிப் போட்டாகிவிட்டதா?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. ஆசிரியரைக் கேட்டபோது, "மார்க்குக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பரிசீலனைக்கு இன்னும் நாலாயிரம் ரூபாய் கட்ட வேண்டும். அடுத்த வருஷம் நாலு பெண்களும் நாலு திசைக்குப் போய்விடுவார்கள். ஆட்சேபம் வந்தால் ஆறு மாதத்துக்குள் பதில் எழுத யார் இருப்பார்கள்?

"போகட்டும், கருவியையாவது காட்டு" என்றேன்.

கொண்டுவந்தாள். துணி உலர்த்தப் போடுகிற கிளிப்பைவிடச் சற்றுப் பெரிது. எந்தப் பாத்திரத்தின் விளிம்பிலும் மாட்டலாம். நுரை மேலே ஏறும்போது விசில் ஊதவில்லை. கூடத்தில் வைத்திருந்த ஒரு சின்ன விளக்கு பளிச் பளிச்சென்று எரிந்தது.

"விசில் எதுக்கு இல்லே?" என்று கேட்டேன்.

"பாட்டிக்குக் காது கேக்காது, அக்கா. போன வருஷம் பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு போய், வீடு பூரா காஸ் பரவிடுச்சு. அதனாலேதான் விளக்கு வெச்சேன்."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. பால் குக்கரை நினைத்து மனசுக்குள் கேலி செய்தேனே, அதற்காக வெட்கப்பட்டேன். நூறு மனுக்களின் நடுவே ஒரு நிஜமான தேவை ஒளிந்துகொண்டிருந்தது. அந்தக் கல்லூரியில் யாரும் அவளை இதைக் கேட்கவில்லை. மனு எத்தனை என்றுதான் கேட்டார்கள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பேடண்டு என்று சொல்லிக்கொண்டு வந்தால் நாலு கேள்வி கேளுங்கள். மனுவா, வழங்கியதா? பரிசீலனைக்கு எழுதிப் போட்டாகிவிட்டதா? ஆட்சேபத்துக்குப் பதில் எழுதப் பொறுப்பு யாருக்கு? இதனால் யாருடைய கஷ்டம் தீரும்? மனுப் போடுவதற்கு முன்னால் கருவியை ஊருக்கெல்லாம் படம் பிடித்துக் காட்டாதீர்கள். புதுமை போய்விட்டது என்று தள்ளிவிட இடம் உண்டு. அடுத்த முறை மேடையில் யாராவது, "இத்தனை ஆயிரம் பேடண்டு!" என்று முழங்கினால், "அவற்றில் எத்தனை உபயோகத்தில் இருக்கின்றன?" என்று கேளுங்கள். பேடண்டு வாங்கினவர்கள் அது உபயோகத்தில் இருக்கிறதா என்று சர்க்காருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. முன்பு வருஷா வருஷம் எழுத வேண்டியிருந்தது. 2024 முதல் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை எழுதினால் போதும். எண்ண வேண்டிய எண் அங்கேதான் இருக்கிறது.

திங்கட்கிழமை அந்த அம்மாளே பெண்ணை அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். பரிசீலனைக்கு எழுதிப் போடாமல் திரும்புவதில்லை என்று நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். எழுதிப் போட்டுவிட்டார்கள். நாலு பெண்களும் கூடி, ஆட்சேபம் வந்தால் பதில் எழுதுகிற பொறுப்பை ஒருத்தியிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். பேடண்டு கிடைக்குமோ, கிடைக்காதோ, பரிசீலனை அதிகாரிக்குத்தான் வெளிச்சம்.

அந்த மாதிரிக் கருவிகளில் இரண்டைப் பெண் செய்து கொடுத்தாள். ஒன்று மூன்றாம் வீட்டுப் பாட்டிக்கு. இன்னொன்று என் வீட்டில். இந்தக் கட்டுரையைக் கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே விளக்கு பளிச் பளிச்சென்று எரிகிறது. நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன். மற்றவை அடுத்த வாரம்.